பதிவுக் கல்யாணமும் ஒற்றை மாத்திரையும்

சட்டப்படி எனக்குக் கல்யாணம் ஆனது ஆவணி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம், மோதிரம் மாற்றினோம், வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பக்கத்துக் கடையில் எல்லோரும் ரொட்டி சானாய் சாப்பிட்டதும் நான் அம்மாவோடு பினாங்கு டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் கணவர் அவருடைய அம்மாவோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மலேசியாவில் எங்கள் ஆட்களுக்கு இதுதான் வழக்கம். அரசாங்கத்துக்கு ஒரு கல்யாணம், ஊருக்கு ஒரு கல்யாணம். முதலாவதை யாரும் கல்யாணம் என்றே சொல்வதில்லை. "பொண்ணுக்கு ரிஜிஸ்டர் முடிஞ்சிருச்சு" என்பார்கள், தடுப்பூசி போட்டாயிற்று என்கிற தோரணையில். இரண்டாவதில்தான் தாலி. அது ஏறும்வரை நான் மனைவி இல்லை, மனைவியாகப் போகிறவள்.

ரெலாவ் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டை இருவர் பேரிலும் வாங்கியிருந்தோம். அதற்குச் சான்றிதழ் தேவைப்பட்டதால் ரிஜிஸ்டரை முன்னதாகவே முடித்தார்கள். முகூர்த்தம் தை மாதத்தில். இடையில் இருந்த ஐந்து மாதமும் நாங்கள் கண்ணியமாக இருக்க வேண்டும் என்று இரு வீட்டிலும் எதிர்பார்த்தார்கள். வீட்டுச் சாவி மட்டும் எங்கள் கையில் இருந்தது. எனக்கு இருபத்து நான்கு வயது, அவருக்கு இருபத்தேழு. தரைக்கு ஓடு பதிக்கும் வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்வந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடு பதிப்பவர் வரமாட்டார் என்பதை வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

என் அப்பா நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில் வேலை செய்து என்னையும் தம்பியையும் வளர்த்தார். அப்பா வழிச் சொந்தக்காரர்கள் அப்போதிலிருந்து ஒரே ஒரு உதவிதான் செய்துவந்தார்கள். ஆம்பளை இல்லாத வீட்டில் பிள்ளைகள் எப்படி வளர்கின்றன என்று தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மணவறையில் நான் மூன்று மாத வயிற்றோடு உட்கார்ந்தால் அவர்கள் என்னைப் பற்றிப் பேசமாட்டார்கள். அம்மாவைப் பற்றித்தான் பேசுவார்கள், சாகும்வரை பேசுவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். அதோடு, எனக்கு அப்போது பிள்ளை வேண்டாம். இதை ஒரு தனிக் காரணமாகச் சொல்லலாம் என்பதுகூட அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம். ஆணுறை வாங்கும் பொறுப்பை அவர் ஏற்றிருந்தார். முதல் கடையில் கல்லாவில் ஒரு தமிழ்ப் பெண் இருந்ததால் புதினா மிட்டாய் மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். இரண்டாவது கடையில் ஒரு ரொட்டி, நான்கு பேட்டரி, ஒரு சவர்க்காரம் என்று குவித்து, நடுவில் அதையும் ஒளித்து வாங்கிவிட்டார். எங்கள் இருவருடைய பூட்டன் பூட்டிகளையும் கப்பலேற்றி இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததே ரப்பர் பால் வெட்டத்தான். நான்கு தலைமுறை கழித்து அதே பாலில் செய்த ஒரு சாமானை வாங்க அவர்களுடைய வாரிசு பேட்டரிக்குப் பின்னால் ஒளிய வேண்டியிருந்தது.

வாங்கியதை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. அவருடைய அறையை அத்தை, அதாவது என் மாமியார், வாரம் ஒருமுறை ஒழுங்குபடுத்துவார். மகனுக்கு வயது இருபத்தேழு என்பது அத்தைக்கு ஒரு பொருட்டே இல்லை. எனவே என் கணவர் அதைத் தன் காடியின், அதாவது காரின், முன்பக்க இழுப்பறையில் வைத்துவிட்டார். அந்தக் காடி வாரம் ஆறு நாள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வாசலில், கூரையில்லாத இடத்தில், பினாங்கு வெயிலில் நிற்கும். வெப்பம் படாத இடத்தில் வைக்கவும் என்று பாக்கெட்டின் பின்புறம் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. அவருக்கு மூன்றும் தெரியும். ஆனால் அதை நின்று படிக்கும் தைரியம் அவருக்கு இல்லை. வெயிலில் இரண்டு மாதம் வெந்த ரப்பர் தீபாவளிக்குப் பிந்திய இரண்டாவது ஞாயிறு, மாலை நான்கு மணிக்குக் கிழிந்தது.

கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தோம். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஒரு மாத்திரை போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்றிருந்தது. கடையிலேயே கிடைக்கும், மருத்துவர் சீட்டு வேண்டாம் என்றும் இருந்தது. மூன்று நாள் இருக்கிறதே, ஜார்ஜ் டவுனில் திரும்பின பக்கமெல்லாம் மருந்துக்கடை இருக்கிறதே என்று நான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன். அப்படி நம்பிய அந்தப் பெண்ணை இன்று நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

முதலில் ஒரு பேரங்காடியில் இருந்த மருந்துக்கடைக்குப் போனோம். மாத்திரை இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள், பூட்டுப் போட்டு, என் கண்ணெதிரே இருந்தது. ஆனால் அதை மருந்தாளர்தான் எடுத்துத் தர வேண்டுமாம். மருந்தாளர் விடுமுறையில் இருக்கிறாராம், புதன்கிழமைதான் வருவாராம். விற்பனைப் பெண் மிகுந்த வருத்தத்தோடு அந்த அலமாரியைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினாள். இரண்டாவது கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது. மூன்றாவது கடையின் மருந்தாளர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டார், நாங்கள் போனது ஐந்து இருபதுக்கு. ஆனால் மூன்று கடையிலும் கர்ப்பமா இல்லையா என்று பார்க்கும் சோதனைக் குச்சி உதட்டுச் சாயத்துக்குப் பக்கத்தில் தாராளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மருந்தாளர் வேண்டாம், பூட்டும் வேண்டாம். பிள்ளை வந்துவிட்டதைத் தெரிந்துகொள்ள இந்த நாட்டில் எந்தத் தடையும் இல்லை.

திங்கட்கிழமை அவசர விடுப்பு எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். பதிவுச் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். பெருமையாகவே இருந்தது. நான் ஒன்றும் கள்ளத்தனம் செய்யவில்லை, அரசாங்க முத்திரை குத்திய மனைவி. முகப்பில் இருந்த மலாய்ப் பெண் சான்றிதழைப் பார்த்தாள், என் ஐசி அடையாள அட்டையைப் பார்த்தாள், எண் தந்து உட்காரச் சொன்னாள். அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கழித்து என் முறை வந்தது. நான் தமிழ்ப் பெண் என்பதால் எனக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று உள்ளேயிருந்து ஒரு தமிழ் மிஸ்ஸியைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்போம். அந்த அன்புதான் என்னைக் கவிழ்த்தது.

"எத்தனை பிள்ளைம்மா?" என்றார் மிஸ்ஸி.

"இன்னும் இல்லைக்கா."

"ஒண்ணுகூட இல்லையா? அப்புறம் எதைத்தான் பிளான் பண்றது?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண் என் முகத்திலிருந்து மெல்ல இறங்கிக் கழுத்தில் நின்றது.

"தாலி எங்க?"

"தை மாசம்க்கா. இப்ப ரிஜிஸ்டர் ஆயிருச்சு."

சான்றிதழை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை முழுதாகப் படித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே தாலி ஒட்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

"ரிஜிஸ்டர்தானேம்மா ஆயிருக்கு," என்றார். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"எனக்கு இருபத்து நாலு வயசுக்கா."

"வயச நான் கேக்கல. அம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

அரசாங்கம் ஒப்புக்கொண்ட கல்யாணத்தை அரசாங்கச் சீருடையில் இருந்தவரே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. என் தோளைத் தடவிக் கொடுத்தார். அந்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தர முடியாது என்றும், அந்த டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார் என்றும், அன்றைக்கு மாப்பிள்ளையையும் அழைத்து வந்தால் இருவருக்கும் சேர்த்துப் புத்தி சொல்வார் என்றும் சொன்னார். என் கெடு புதன்கிழமை நான்கு மணிக்கு முடிகிறது. வியாழக்கிழமை எனக்குப் புத்தி மட்டும்தான் கிடைக்கும். அதை நான் விளக்கியபோது, "அப்ப எல்லாம் கடவுள் விட்ட வழிம்மா" என்று சான்றிதழைக் கவனமாக உறைக்குள் போட்டுத் திருப்பித் தந்தார்.

அன்று மாலை நான் செய்த காரியத்துக்கு இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை. லிட்டில் இந்தியாவில் எங்களுக்குத் தெரிந்த மருந்துக்கடைக்குப் போனேன். அந்த மருந்தாளர் அண்ணனிடம்தான் அம்மா பல வருடமாக ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறார். படித்தவர், பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார், நல்ல மனிதர், புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். தெரிந்த மனிதர் என்றால் அம்மாவையும் தெரிந்த மனிதர் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

கடையில் கூட்டம் குறையும்வரை இருமல் மருந்துகளைப் படித்துக்கொண்டு நின்றேன். பிறகு மெல்லக் கேட்டேன். அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்ணே."

"நீ நல்ல பிள்ளையாச்சே லா."

நல்ல பிள்ளைக்குத்தான் இப்போது அந்த மாத்திரை தேவைப்படுகிறது என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. ரிஜிஸ்டர் ஆன கதையைச் சொன்னேன். பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்தாயிற்று என்பதையும் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும், அம்மா சொன்னாங்க. ஆனா இது சாதாரண மாத்திரை இல்ல தங்கச்சி. ஹார்மோன். ரொம்ப ஸ்ட்ராங். கர்ப்பப்பை கெட்டுப்போகும், நாளைக்குப் பிள்ளை வேணும்னு நினைக்கிறப்ப நிக்காது. அண்ணன் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். தாலி ஏறட்டும், அப்புறம் வா. நானே தர்றேன்."

சொன்னதோடு நிற்காமல் ஒரு குப்பி வைட்டமின் சி இலவசமாகக் கொடுத்தார். அம்மாவிடம் எதுவும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார், எனக்குப் பெரிய உபகாரம் செய்கிற முகத்தோடு. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மறுத்தவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வரும் நாகரிகத்தை எங்களுக்கு ஆரம்பப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பேருந்தில் வரும்போது கோபத்தில் காது சுட்டது. மிஸ்ஸிக்கும் தாலி வேண்டும், அண்ணனுக்கும் தாலி வேண்டும். சரி, தாலிதானே என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் குவீன் ஸ்திரீட்டில் முலாம் பூசிய நகை விற்கும் கடைக்குப் போனேன். தாலிக்கொடி வேண்டும் என்றேன். நாடகத்துக்கா என்று கடைக்கார அக்கா கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பொருத்தமாக மெட்டியும் எடுத்துக்கொள்ளச் சொன்னார், ஜோடியாக எடுத்தால் விலை குறைத்துத் தருவாராம். எடுத்துக்கொண்டேன். ஏமாற்றுவது என்று ஆனபின் காலை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

ஒரு பேரங்காடியின் பெண்கள் கழிப்பறையில் கண்ணாடி முன்னால் நின்று அதைப் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் ஒரு சீனக் கிழவி கை உலர்த்தும் இயந்திரத்தைப் போட, அது கெட்டிமேளம் கணக்காக இரைந்தது. இப்படியாக என் கழுத்தில் முதல் தாலியைக் கட்டியவள் நானே. முகூர்த்தத்துக்கு முன்னால் கழுத்தில் தாலியைப் போட்டுப் பார்த்தது தெரிந்தால் அம்மா மயங்கி விழுவார், மூன்று கோயிலுக்கு அர்ச்சனை வைப்பார். பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு, யாரும் என்னை அறியாத பாயான் பாருவில் ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்தேன்.

மருந்தாளர் வயதான சீனர். தாலியைத்தான் முதலில் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. புதுக் கல்யாணமா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன், வெட்கப்பட்டுக் காட்டினேன். வேண்டியதைச் சொன்னேன். மலர்ந்த முகம் அப்படியே கவலைக்கு மாறியது.

முதல் பிள்ளையா என்றார். முதல் பிள்ளையைத் தள்ளிப் போடக்கூடாதாம். கர்ப்பப்பை குளிர்ந்துபோகுமாம், பிறகு என்ன சூடு ஏற்றினாலும் ஏறாதாம். அவர் மனைவியின் தங்கைக்கு அப்படித்தான் ஆனதாம். கணவனுக்கும் எனக்கும் ஏதாவது மனத்தாங்கலா என்று கேட்டார். மாமியார் கொடுமையா என்றும் கேட்டார். நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம் என்றேன். சந்தோஷமாக இருந்தால் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டியதுதானே என்றார். அவர் கேட்டதில் ஒரு குறையும் இல்லை, என் கழுத்தில் கிடந்ததுதான் அவரை அப்படிக் கேட்க வைத்தது. கடைசியில் கணவன் சம்மதம் சொன்னால் தருவதாக ஒப்புக்கொண்டு, அவரைத் தொலைபேசியில் கூப்பிடச் சொன்னார். என் கணவர் அப்போது தொழிற்சாலையின் தூசியில்லா அறைக்குள் மாலை ஷிப்டில் இருந்தார். அங்கே தொலைபேசி கொண்டுபோகக்கூடாது. எட்டு முறை அடித்தேன். எடுக்கவில்லை. மருந்தாளர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். மனத்தாங்கல்தான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

தாலி இல்லாவிட்டால் தாலி எங்கே என்கிறார்கள். தாலி இருந்தால் பிள்ளை எங்கே, புருஷன் எங்கே என்கிறார்கள். அன்று இரவு தாலியையும் மெட்டியையும் காலுறைக்குள் சுருட்டி அலமாரியின் அடியில் போட்டேன். அம்மா பக்கத்து அறையில் யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. அதுவரை கோபத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் பயம் தெரியவில்லை, படுத்தபிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை மதியம், உணவு இடைவேளையில், ஞாயிற்றுக்கிழமை முதலில் போன அதே பேரங்காடிக் கடைக்கு ஓடினேன். விடுமுறை முடிந்து மருந்தாளர் வந்திருந்தார். தலையில் தூடோங் கட்டிய இளம் மலாய்ப் பெண், என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். என்னை ஓரமாகக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டார். எப்போது நடந்தது? கடைசி மாதவிலக்கு எப்போது? வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா? அவ்வளவுதான். என் கழுத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்க்கவில்லை. முன்னாலேயே போட்டிருந்தால் இன்னும் நல்லது, பரவாயில்லை, இப்போதே போட்டுவிடு என்றார். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் திரும்பி வரச் சொன்னார். மாதவிலக்கு முன்னே பின்னே வரலாம், ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சோதித்துப் பார் என்றார். அங்கேயே தண்ணீர் வாங்கி விழுங்கினேன். அறுபத்தொன்பதாவது மணி நேரம். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அவர் அடுத்த ஆளுக்கு இருமல் மருந்து எடுக்கப் போய்விட்டார்.

இத்தோடு கதை முடிந்திருக்கும், எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு காலண்டர் மட்டும் தொங்காமல் இருந்திருந்தால். நகைக்கடை கொடுத்த காலண்டர், ராகு காலம் எமகண்டம் எல்லாம் போட்டது. முகூர்த்தம் குறிக்கும்போது பெண்ணின் விலக்கு நாளைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். அதற்காக அம்மா என் தேதிகளை அதில் சிவப்பு மையால் புள்ளி வைத்துவந்தார். புள்ளிகளை ஐயரிடம் சொன்னார், அத்தையிடம் சொன்னார், இரண்டு சித்திகளிடம் சொன்னார். எட்டு நாள் முன்னாடியே வந்துரும், முகூர்த்தத்துக்குச் சுத்தமா இருப்பா என்று தொலைபேசியில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்ததை என் தம்பியும் கேட்டுக்கொண்டுதான் சோறு சாப்பிட்டான். எனக்கு எந்த மாதம் எந்தத் தேதி என்பது இரண்டு குடும்பத்துக்கும் ஒரு கோயிலுக்கும் தெரியும். எனக்கு ஒரு மாத்திரை வேண்டும் என்பது மட்டும்தான் யாருக்கும் தெரியக்கூடாத அந்தரங்கம்.

அந்த மாதத் தேதி வந்தது. எனக்கு வரவில்லை. தேதி தாண்டி இரண்டாம் நாள் அம்மா காலண்டரைப் பார்த்தார். மூன்றாம் நாள் என்னைப் பார்த்தார். நான்காம் நாள் சந்தையிலிருந்து வரும்போது இரண்டு பப்பாளி வாங்கி வந்தார். ஐந்தாம் நாள் எள்ளுருண்டை பிடித்தார். எங்கள் வீட்டில் எள்ளுருண்டை பிடித்து நான் பார்த்ததே இல்லை.

"என்னம்மா திடீர்னு?" என்றேன்.

"கல்யாணப் பொண்ணு, உடம்புக்கு நல்லது. சாப்பிடு."

சாப்பிட்டேன். அம்மா எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பப்பாளியும் எள்ளும் எதற்கு என்று தமிழ்ப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறாம் நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஏழாம் நாள் உதட்டுச் சாயத்துக்குப் பக்கத்தில் தொங்கும் குச்சியை வாங்கிச் சோதித்தேன். ஒரே கோடு, அதாவது இல்லை. நான் நம்பவில்லை. என் கணவரிடம் சொன்னபோது அவரும் நம்பவில்லை. எட்டாம் நாள் வேலையிடத்தில் வந்தது. ஒரு மணி நேரம் கழிப்பறைக்குள் உட்கார்ந்திருந்தேன். மேலதிகாரி தேடி ஆள் அனுப்பும்வரை எழுந்திருக்க மனமில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா சிவப்பு மையை எடுத்துப் புள்ளி வைத்தார். கையோடு அடுத்த இரண்டு மாதத்துக்கும் எண்ணினார். எண்ணி முடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு நாள் தள்ளி வந்ததால், மிகச் சரியாக முகூர்த்த நாளில் வந்து விழுந்தது என் தேதி.

அதன்பின் நடந்ததெல்லாம் பகிரங்கம். அம்மா அத்தையைக் கூப்பிட்டார், அத்தை ஐயரைக் கூப்பிட்டார், சித்திகள் தாமாகவே கூப்பிட்டார்கள். மண்டபம் மாற்ற முடியாது, தேதி மாற்ற முடியாது. கடைசியில் பெரிய சித்தி சொன்ன யோசனையை எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். மாத்திரை போட்டுத் தள்ளிப் போட்டுவிடலாம். அவர் மகளுக்கும் அப்படித்தான் செய்தார்களாம். ஐயரும் சம்மதித்துவிட்டார்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, தையற்கடையில் ரவிக்கை வாங்கப் போனபோது அம்மா என்னை நேரே லிட்டில் இந்தியாவுக்கு, அதே மருந்தாளர் அண்ணன் கடைக்கு இழுத்துப் போனார். கடை நிறைய ஆள். அம்மா குரலைத் தாழ்த்தவே இல்லை.

"தம்பி, பொண்ணுக்கு முகூர்த்தத்தன்னைக்குத் தேதி விழுது. தள்ளிப் போடணும். நல்ல மாத்திரையா குடுங்க."

அண்ணன் யாருக்கு என்று கேட்கவில்லை. கர்ப்பப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்த முகமாக உள்ளே போய் அட்டை எடுத்து வந்தார். தேதிக்கு மூன்று நாள் முன்னால் தொடங்க வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று, மொத்தம் பத்து நாளைக்கு என்று எழுதித் தந்தார்.

"பத்து நாளைக்கு முப்பது மாத்திரையாண்ணே?" என்றேன்.

"ஆமா தங்கச்சி. பயப்படாத. எல்லாக் கல்யாணப் பொண்ணுங்களும் வாங்கறதுதான்."

"இதுவும் ஹார்மோன்தானேண்ணே?"

அவர் அட்டையை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அன்னைக்கு நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. கர்ப்பப்பை கெட்டுப்போகும்னு சொன்னீங்க."

"அது வேற லா," என்றார் அண்ணன். அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே பார்த்தார். "இது நல்ல காரியத்துக்கு."

அம்மா கைப்பையைத் திறந்தார். பணத்தைக் கொடுத்து உறையை வாங்கிப் பைக்குள் வைத்தார். வெளியே வந்து கூட்டத்துக்குள் நடந்தோம். புடவைக் கடை, பாத்திரக் கடை, பணம் மாற்றும் கடை எல்லாவற்றையும் கடந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. சிவப்பு விளக்கில் நின்றோம்.

"எத்தனை நாள் அலைஞ்ச?" என்றார்.

"மூணு நாள்."

"தனியாவா?"

"பாதி நேரம் தனியா."

விளக்கு பச்சைக்கு மாறியது. அம்மா நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா என்னம்மா செஞ்சிருப்பீங்க?"

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. நின்று யோசித்தார்.

"அடிச்சிருப்பேன்," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினார். பாதி சாலை தாண்டியபின்தான் மீதியைச் சொன்னார். "அடிச்சிட்டு, சித்தியைப் பாக்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு, ஃபெரி ஏறி அக்கரைக்கு, பட்டர்வொர்த் போயி வாங்கிட்டு வந்திருப்பேன். இங்க வாங்கியிருக்க மாட்டேன்."